பாஸ்போர்ட் இல்லாம ஜெர்மனி போன மூங்கில்!

தூத்துக்குடி ஃப்ரெண்ட்ஸ்... ஆகஸ்ட் 5 ஆனா ஊரே பனிமய மாதா கோயிலில் திரளுவீங்களே, அந்த மாதா சுரூபம் 1555-ல் மணிலாவில் இருந்து கப்பலேறி வந்ததுன்னு வழிவழியா சொல்வாங்க. அதே மணிலாவை ஒட்டிய லாஸ் பின்யாஸில் இருந்து இன்னொரு பொக்கிஷமும் கடல் கடந்திருக்கு. அது ஒரு ஆர்கன்! அதுவும் மூங்கில் ஆர்கன்!

நம்ம கீபோர்டு மாதிரி ஸ்பீக்கர் சத்தம் கிடையாது பாஸ். துருத்திக் காற்று குழாய்க்குள்ள போனாதான் ஓசை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிக் குழாய். 8 அடிக் குழாய் தரும் ஸ்வரம், 4 அடிக் குழாயில் ஒரு ஸ்தாயி மேல கேட்கும்.

செஞ்சவர், ஸ்பெயின் பாதிரியார் தியேகோ செரா. 1816-ல் மூங்கில் வெட்டி, பூச்சி அரிக்காம இருக்கக் கடற்கரை மணலில் மாசக்கணக்கா புதைச்சு வெச்சார். 1824-ல் வேலை முடிஞ்சது. மொத்தம் 1,031 குழாய்கள். அதில் 902 மூங்கில்! எக்காளம் போல ஒலிக்கும் குழாய்களுக்கு உலோகம்.

அப்புறம் நிலநடுக்கம், புயல்னு அடி மேல் அடி. கடைசியில் 1973-ல் பிரிச்சு, ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிற க்ளைஸ் பட்டறைக்கு அனுப்பினாங்க. இங்கதான் சிக்கல். 150 வருஷம் ஈரக்காத்தில் வாழ்ந்த மூங்கில், குளிர்நாட்டின் வறண்ட காற்றில் சுருங்கி வெடிச்சா?

க்ளைஸ் ஆட்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? பட்டறைக்குள்ளேயே பிலிப்பைன்ஸ் வெக்கையும் ஈரமும் இருக்கிற தனி அறை அமைச்சு, அதுக்குள்ள வெச்சு வேலை பார்த்தாங்க! 1975-ல் ஆர்கன் ஊர் திரும்பியது. 1976-ல் இருந்து அதுக்குன்னே ஒரு இசைவிழா. 2003-ல் 'தேசியப் பண்பாட்டுப் பொக்கிஷம்' அந்தஸ்து.

சரி, நமக்கென்ன? உங்க ஊர் கோயில் மூலையில், காலால் மிதிச்சு வாசிக்கிற பழைய ஆர்மோனியம் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கா? குழாய் கிடையாது, உள்ளே ரீடுதான். ஆனா மூச்சு அதே துருத்தி மூச்சு. நம்ம உப்புக்காத்தில் ரீடு களிம்பேறும், துருத்தித் தோல் வெடிக்கும். அதனாலேயே அது செத்துப்போச்சுன்னு அர்த்தமில்லை. எடைக்குப் போடும் முன்னாடி ஒரு ஆர்மோனியம் ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. பிரிக்கிறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. கழற்றும் ஒவ்வொரு ரீடுக்கும் சீட்டில் நம்பர் எழுதி வைங்க. பளபளப்புக்காக பெயின்ட் மட்டும் அடிச்சிடாதீங்க. அப்புறம், அதை வாசிக்கத் தெரிந்த தாத்தா யாராவது தெருவில் இருப்பார். அவரை முதல் ஆளா உட்கார வைங்க!