சங்கத்திற்கு ஓர் இணையதளம்

பயிர் விளைவிக்கும் திறமையில் நமது உழவர் எவருக்கும் பின்னடைந்தவர் அல்லர். எனினும், விளைந்த பொருளைப் பற்றி வெளியூரார் அறியச் செய்வதில் நமக்குள்ள குறை பெரிது. ஓர் ஊரில் நல்ல கறுப்புக் கவுனி அரிசி மூட்டை மூட்டையாய்த் தேங்கிக் கிடக்கும். அதே அரிசியை நகரத்தில் ஒருவர் கடை கடையாகத் தேடிக் கொண்டிருப்பார். இருவருக்கும் இடையே அறிமுகம் இல்லாமையால், லாபம் இடைத்தரகரைச் சேருகிறது. இக்குறையைப் போக்கும் சாதனங்களுள் ஒன்று இணையதளம் ஆகும்.

‘இணையதளம் அமைப்பது கணினி படித்தவர் வேலை, நமக்கு அது எட்டாது’ என்று பலர் ஒதுங்கி நிற்கின்றனர். கணினிக்குரிய மொழியில் கட்டளை எழுதும் பயிற்சி, அதாவது நிரல் எழுதும் பயிற்சி, இன்று இதற்குத் தேவையில்லை. கைபேசியில் தமிழில் செய்தி எழுதத் தெரிந்தவர் எவரும் சிறிய தளம் ஒன்றை அமைக்கலாம். ஆனால் அமைப்பதைக் காட்டிலும் அதைத் தம் கையில் வைத்துக் காப்பதே கடினம். இக்கட்டுரையில் நாம் இரண்டையும் விளக்க முற்படுவோம்.

தளம் என்பது யாது?

ஐரோப்பாவில் ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள ‘செர்ன்’ என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர், விஞ்ஞானிகள் தமக்குள் தகவல்களைப் பகிர்ந்து கொள்வதற்காக 1989ஆம் ஆண்டில் வகுத்த திட்டமே இன்றைய வலையமைப்பிற்கு மூலம். முதல் தளம் 1991இல் பொதுமக்கள் அறிய வெளிவந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இம்முறையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அந்நிலையம் அறிவித்தது. அதனாலேயே சிற்றூர்ச் சங்கமும் பெரிய கம்பெனியும் ஒரே உரிமையுடன் தளம் அமைக்க இயலுகிறது.

தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் நிரலாகவே எழுத வேண்டியிருந்தது. 2003இல் வெளிவந்த ‘வேர்டுபிரஸ்’, 2008இல் வெளிவந்த ‘கூகுள் சைட்ஸ்’ போன்ற கருவிகள் அச்சிரமத்தை நீக்கின. ஆயத்தமாக உள்ள மாதிரிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் நமது எழுத்தையும் படத்தையும் இட்டால் போதும்.

தேவையான மூன்று

தளத்திற்கு மூன்று பொருள்கள் தேவை. முதலாவது முகவரி; இது வீட்டின் கதவு எண் போன்றது. இரண்டாவது இடம், நமது பக்கங்களை இரவும் பகலும் தாங்கி நிற்கும் கணினியில் நமக்கென ஒதுக்கப்படும் பகுதி இது. மூன்றாவது, மேலே கூறிய கருவி.

புதிதாகத் தொடங்குவோர் ‘கூகுள் சைட்ஸ்’ போன்ற இலவசச் சேவையைக் கொண்டு தொடங்குவது நலம். அதில் இடமும் கருவியும் செலவின்றிக் கிடைக்கும். முகவரி மட்டும் அச்சேவையின் பெயரோடு ஒட்டியதாய் நீண்டிருக்கும். சில மாதங்கள் நடத்திப் பார்த்து, பயன் உண்டு எனக் கண்ட பின், ‘.இன்’ அல்லது ‘.காம்’ என முடியும் சொந்த முகவரியை ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பெற்று அதனுடன் இணைத்துக் கொள்ளலாம். தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என முடியும் முகவரியும் உண்டு. அரசு அமைப்புகளுக்கெனத் தனி முகவரி வகை ஒதுக்கப்பட்டிருப்பதால், பஞ்சாயத்தின் பெயரால் தளம் அமைக்க விரும்புவோர் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே தொடங்க வேண்டும்.

உரிமை யார் பெயரில்?

நமது அன்பர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. நிலம் வாங்கும்போது பட்டா யார் பெயரில் என்று பத்து முறை கேட்கும் நாம், தள முகவரி யார் பெயரில் பதிவாகிறது என்று ஒரு முறையேனும் கேட்பதில்லை. தளம் அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரரோ, ஆர்வமுள்ள இளைஞரோ தம் பெயரிலும் தமது மின்னஞ்சலிலும் பதிவு செய்து விடுகின்றனர். பிறகு அவர் வெளியூர் சென்றாலோ மனவேறுபாடு கொண்டாலோ, திறவுகோல் முழுதும் அவரிடமே தங்கிவிடும். சங்கத்தின் பெயர் தாங்கிய தளத்தில் சங்கமே ஓர் எழுத்தையும் திருத்த இயலாது போகும்.

ஆகவே பின்வரும் ஏற்பாடுகளை முதல் நாளே செய்தல் வேண்டும்.

1. சங்கத்திற்கெனத் தனி மின்னஞ்சலும் தனிக் கைபேசி எண்ணும் பெறுக. கடவுச் சொல்லை மாற்றுவதற்கான ரகசிய எண் அக்கைபேசிக்கே வரும்.

2. முகவரியைச் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்க. அதனைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுக.

3. கடவுச் சொல்லை நிர்வாகிகள் இருவர் அறிந்திருக்க வேண்டும். அதை எழுதி, உறையிலிட்டு முத்திரையிட்டுச் சங்கத்தின் பெட்டியில் வைக்கலாம். நிர்வாகிகள் மாறும்போது கடவுச் சொல்லும் மாற வேண்டும்.

4. முகவரி என்பது குத்தகையே, கிரயம் அன்று. தவணை தவறினால் சிறிது அவகாசத்திற்குப் பின் அதை எவரும் எடுத்துக் கொள்ளலாம். சங்கத்தின் பெயரை நம்பி வருவோர் அப்போது சூதாட்ட விளம்பரத்தைக் காண நேரலாம். புதுப்பிக்கும் தேதியை வரவு செலவுத் திட்டத்திலேயே குறித்து வைப்பது அறிவுடைமை.

எவற்றை எழுதுவது?

நெல் பயிரிடுவோர் சங்கம் ஒன்று தளம் அமைப்பதாகக் கொள்வோம். நான்கு பக்கங்கள் போதும். முதற்பக்கத்தில் சங்கம் யாது, எவ்வூரில் உள்ளது, என்ன விற்கிறது என்பதை நான்கு வரிகளில் கூறலாம். இரண்டாம் பக்கத்தில் அரிசி வகை, எடை, விலை, அவ்விலை எத்தேதி வரை செல்லும் என்பன இருக்க வேண்டும். தேதியில்லாத விலை சண்டைக்கு வித்து. மூன்றாம் பக்கத்தில் பயிரிடும் முறையையும் உறுப்பினரின் வயல் படங்களையும் இடலாம். நான்காம் பக்கத்தில் தொலைபேசி எண், வரும் வழி, பேச ஏற்ற நேரம் ஆகியவற்றைக் குறிக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணையும் வெளியிட்டால் வாங்குவோர்க்கு நம்பிக்கை வளரும். இணையத்தின் வழியே பணம் பெறும் ஏற்பாடு தொடக்கத்தில் வேண்டியதில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதுக. ‘இவ்வரிசி நீரிழிவைத் தீர்க்கும்’ என்பன போன்ற கூற்றுகள் வேண்டா. தவறான எண்ணம் தரும் உணவு விளம்பரங்களை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அன்றியும், பொய்யால் வந்த வாடிக்கையாளர் நிலைப்பதில்லை.

எழுத்தும் படமும்

எழுத்து யூனிகோடு முறையில் இருக்க வேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் அச்சடித்தவற்றை அப்படியே ஏற்றினால், பிறர் கணினியில் அவை பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அறிவிப்பைப் படமெடுத்து ஒட்டுவதும் நன்றன்று. தேடுவோர்க்கு அது எளிதில் அகப்படாது. பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் கருவியும் படத்திலுள்ள எழுத்தில் தடுமாறும். கைபேசிப் படங்கள் பெரும்பாலும் பல மெகாபைட் பருமன் உள்ளவை. அவற்றைச் சுமார் 200 கிலோபைட் அளவுக்குச் சுருக்கி ஏற்றினால், அலைவரிசை குறைந்த ஊர்களிலும் பக்கம் விரைவில் திறக்கும். வெளியிடுமுன், ஊரிலுள்ள மிகப் பழைய கைபேசி ஒன்றில் தளத்தைத் திறந்து பார்த்தல் சிறந்த பரீட்சை.

வெளியிடத் தகாதவை

உறுப்பினர் பட்டியலையோ பயனாளிகள் பட்டியலையோ ஆதார் எண்ணுடன் வெளியிடலாகாது. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் இதனைத் தடுக்கிறது. வங்கிக் கணக்கு எண், குழந்தைகளின் படம் ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. ஒருவரது தொலைபேசி எண்ணை அவர் சம்மதமின்றி வெளியிடுவது முறையன்று.

நட்டபின் நீர் பாய்ச்ச வேண்டும்

தொடக்க விழாவோடு கைவிடப்பட்ட தளம், நாற்று நட்டபின் நீர் பாய்ச்சாத வயலுக்கு ஒப்பாகும். சென்ற ஆண்டின் விலையைக் காட்டி நிற்கும் பக்கம், தளமே இல்லாததைக் காட்டிலும் கெடுதலானது. ஆகவே மாதம் ஒரு நாளைக் குறித்து, பொறுப்பாளர் ஒருவர் விலையையும் இருப்பையும் சரிபார்த்துத் திருத்த வேண்டும். அதற்கு ஆள் இல்லையெனில், தொலைபேசி எண்ணுடன் கூடிய ஒரே பக்கத்தோடு நிறுத்திக் கொள்வது மேல்.

நமது சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் மூன்று வினாக்களுக்கு விடை காணுமாறு வேண்டுகிறோம். நம்மைப் பற்றி வெளியூரார் அறிய வேண்டியது யாது? அதை எழுதித் திருத்தும் பொறுப்பு யாருடையது? முகவரி யார் பெயரில் இருக்கும்? இவற்றிற்கு விடை தெளிவானால், எஞ்சிய வேலையை ஊரில் படித்த பிள்ளைகள் இரண்டொரு நாளில் முடித்துத் தருவர் என்பதில் ஐயமில்லை.