பாதை அமைக்கும் பணி

விடியற்காலையில் பாலாற்றங்கரை விழித்தெழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் மிகுந்துள்ளன. சுற்றிலுமுள்ள சிற்றூர்களிலிருந்து ஆடவரும் மகளிரும் அவற்றை நோக்கி அணியணியாகப் புறப்படுகின்றனர். பேருந்தில் செல்வோர் பலர். இரயிலில் செல்வோர் சிலர். தாம் கடக்கும் பாலம் உறுதியானதோ என்று அவர்களுள் ஒருவரும் ஐயுறுவதில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பவர் யாவர்? அப்பணியில் புதிதாகப் புகும் பட்டதாரி முதலில் கற்க வேண்டுவது யாது? இவை அறியத்தக்கன.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று ஓடியது. அது சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் வாலாஜா ரோடு. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் அவ்விருப்புப்பாதை காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நீண்டு, 1860களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரையை எட்டியது. சென்னைத் துறைமுகத்தோடு இவ்வூர்களை இணைத்த அப்பாதை, இங்குத் தோல் வணிகம் ஓங்குவதற்குத் துணைநின்றது. ஆகவே பாதை அமைத்தல் என்பது மண்ணையும் இரும்பையும் சேர்க்கும் வேலை மட்டுமன்று. ஒரு வட்டாரத்தின் வாழ்வை உருவாக்கும் வேலையும் ஆகும்.

ஒரு பாலமோ பாதையோ அமைய வேண்டுமாயின் பல படிகளைக் கடத்தல் வேண்டும். முதலில் நிலம் அளக்கப்படும். மண்ணின் தன்மை ஆராயப்படும். அடுத்து வரைபடமும் மதிப்பீடும் எழும். பின்னர் நிலம் கையகப்படுத்தப்பட்டு, ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படும். வேலை தொடங்கியபின் காலம், செலவு, தரம் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கண்காணித்தல் வேண்டும். புதிய இருப்புப்பாதையாயின், பாதுகாப்பு ஆணையர் ஆய்ந்து இசைவளித்த பின்னரே பயணியர் வண்டி அதன்மீது ஓடலாம். இப்படிகள் அனைத்தையும் இணைத்து நடத்துவதே திட்ட மேலாண்மை எனப்படும்.

தோல் தொழில் நிகழும் ஊர்களில் இவ்வேலைக்குத் தனிக்கவனம் தேவை. ஆலைகளின் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டு செல்லும் குழாய்கள் நிலத்தடியில் உள்ளன. அவை செல்லும் வழியை அறியாமல் தோண்டினால், குழாய் உடைந்து கழிவுநீர் கிணறுகளிற் கலக்கும். ஆலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் சாலையை அடைத்தால், நூற்றுக்கணக்கானோர் கூலியை இழக்க நேரிடும். இவற்றையெல்லாம் வரைபடம் முழுமையாகக் காட்டாது. ஊரார் வாயிலாகவே பல செய்திகள் தெரியவரும்.

பொறியியற் பட்டம் பெற்றவர் இப்பணியிற் சேர வழிகள் பல உள. ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையமும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் இதற்கெனத் தேர்வுகளை நடத்துகின்றன. இரயில்வேயின் கட்டடப் பொறியாளர்கள் பூனாவிலுள்ள பயிற்சி நிலையத்திற் பயில்கின்றனர். மெட்ரோ இரயில் நிறுவனங்களும் ஒப்பந்த நிறுவனங்களும் பட்டதாரிகளைப் பணியமர்த்துகின்றன. ஆனால் உண்மையான பயிற்சி பணிக்களத்திலேயே தொடங்குகிறது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியின் பொருள் அங்கேதான் விளங்கும்.

பாலத்தின் அடித்தளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாலாறு பெரும்பாலும் வறண்ட மணற்பரப்பாகவே காட்சியளிக்கும். எனினும் வெள்ளம் பெருகும்போது, நீர் பாலத்தூணில் மோதிச் சுழன்று அதன் அடியிலுள்ள மணலை அரித்துவிடும். ஆற்றில் மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்திருந்தால், தூணுக்கு நேரும் இடர் பெருகும். ஆதலால் அரிப்பு எட்டக்கூடிய ஆழத்திற்கும் கீழே அடித்தளம் ஊன்றியிருத்தல் வேண்டும். அடித்தளம் மண்ணுக்குள் மறைந்தபின் அதன் ஆழத்தை யாரும் கண்ணாற் காண இயலாது. அளவுப் புத்தகத்தில் இளம் பொறியாளர் எழுதும் எண்ணும் இடும் கையொப்பமுமே அதற்குச் சான்று. நேரிற் சென்று அளவாமல் பிறர் சொன்ன எண்ணை எழுதினால், அப்பிழை பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு வெள்ளத்தின்போது வெளிப்படும்.

2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாற்றிலும் அதன் துணையாறாகிய பொன்னையாற்றிலும் பெருவெள்ளம் பாய்ந்தது. டிசம்பரில், முகுந்தராயபுரத்திற்கும் திருவலத்திற்கும் இடையே பொன்னையாற்றின் குறுக்கேயுள்ள இருப்புப்பாதைப் பாலத்திற் பழுது கண்டறியப்பட்டது. உடனே அவ்வழியே செல்லும் இரயில்கள் பல நிறுத்தப்பட்டன. பயணியர்க்கு அது பெருந்தொல்லையே. எனினும் பழுதைக் கண்டபின் வண்டியை ஓடவிடாமல் நிறுத்துதலே கடமை. வேலையை விரைந்து முடிக்கும் திறத்தோடு, வேண்டுமிடத்தில் ‘நிறுத்துக’ என்று கூறும் துணிவும் பொறியாளர்க்கு இன்றியமையாதது.

தென்னக இரயில்வேயில் 1954ஆம் ஆண்டின் இறுதியிற் பயிற்சி நிலை உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர் ஈ. ஸ்ரீதரன். பத்தாண்டுகள் சென்றபின், 1964 டிசம்பரில் வீசிய கடும்புயல், இராமேசுவரத்தை நாட்டோடு இணைத்த பாம்பன் பாலத்தைச் சிதைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. சீரமைக்கும் பொறுப்பு, முப்பத்திரண்டு வயதே நிரம்பிய ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய உத்திரங்களுக்குக் காத்திருந்தால் பல திங்கள் கழிந்திருக்கும். கடலடியில் உத்திரங்கள் கிடப்பதை மீனவர் வாயிலாக அறிந்து, அவற்றை மீட்டு மீண்டும் பொருத்தச் செய்தார். ஆறு திங்களில் முடிக்கத் திட்டமிடப்பட்ட வேலை 46 நாட்களில் முடிந்தது. பின்னாளில் கொங்கண் இரயில்வேயையும் தில்லி மெட்ரோவையும் அவர் தலைமையேற்று நடத்தினார்.

இந்நிகழ்ச்சியில் விரைவைக் கண்டு வியப்பவர் பலர். அவ்விரைவுக்கு அடிப்படையாக அமைந்தது யாதென நோக்குவோர் சிலரே. கடலை நாள்தோறும் காண்பவர் கூறிய செய்தியைப் பட்டம் பெற்ற பொறியாளர் மதித்துக் கேட்டார், அதுவே அடிப்படை. இருப்புப்பாதையில் நாள்தோறும் நடந்து, தளர்ந்த ஆணியைச் சுத்தியலால் இறுக்கும் தொழிலாளியும் அத்தகையவரே. தண்டவாளத்தின் ஓசையிலிருந்தே அதன் குறையை அவர் உணர்வார். அவரோடு சில கல் தொலைவு நடந்து செல்லும் இளம் பொறியாளர், நூலிற் காணாத பாடங்களைக் கற்பார்.

பட்டம் ஒருவரைப் பணியின் வாயில்வரை கொண்டு சேர்க்கும். அதன்பின் துணைவருவன நேரிற் சென்று அளக்கும் நேர்மையும், எளியோரிடமும் கேட்டுக் கற்கும் பணிவுமே. பாதை அமைப்போர் பெயரைப் பயணம் செய்வோர் அறிவதில்லை. ஆயினும் ஆம்பூரில் மாலைப்பொழுதில் வேலை முடித்து வண்டியேறும் தாய், அச்சமின்றி ஆற்றைக் கடந்து தன் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறாள். அந்த அச்சமின்மையே அவர்தம் உழைப்பிற்கு உரிய நற்சான்று.