பொய் வண்ணம் சொல்லும் மெய்

தோழியரே, செயற்கைக்கோள் எடுத்த நம் திருவள்ளூர் மாவட்டப் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பயிர் நிற்கும் வயல்கள் செக்கச் செவேலென்று இருக்கும். பூண்டி ஏரி கருநீலமாகவும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை நீலம் கலந்த சாம்பலாகவும் தெரியும். பச்சைப் பயிர் சிவந்தது எப்படி?

இதற்குப் 'பொய் வண்ணப் படம்' என்று பெயர். பசுமையான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. கருவி அதை உணர்கிறது. ஆனால் காணாத கதிருக்கு நிறம் ஏது? ஆதலால் அறிஞர்கள் ஒரு முறையை வகுத்தார்கள். அகச்சிவப்புக்குச் சிவப்பு, சிவப்புக்குப் பச்சை, பச்சைக்கு நீலம் என்பதே அம்முறை. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் ஏரி கறுக்கிறது.

இதனால் என்ன பயன்? 1970ஆம் ஆண்டு பேராசிரியர் பிஷாரடியின் குழுவினர், கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்தனர். வாடல் நோய் கண்ட மரங்கள் நிறத்தில் வேறுபட்டுத் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வுக்கு அதுவே தொடக்கம் என்பர். பின்னர் 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது.

வெப்பநிலை போன்ற ஒரே அளவைக் காட்டும் படங்களும் உண்டு. இவற்றுக்கு வண்ணம் தேர்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். வானவில்லின் ஏழு நிறங்களையும் பூசினால் அழகாயிருக்கும். ஆனால் கண்ணை ஏமாற்றும். நடுவிலுள்ள மஞ்சளே பளிச்சென்று தெரிவதால், உச்ச அளவைக் குறிக்கும் சிவப்பு பின்தங்கிவிடும். மஞ்சள் பச்சையாக மாறும் இடத்தில் இல்லாத எல்லைக்கோடு ஒன்று தோன்றும். அரை டிகிரி வேறுபாட்டுக்காக ஒரு தெரு அபாயப் பகுதியாகவும், அடுத்த தெரு அச்சமற்றதாகவும் தெரிந்தால் மக்கள் குழம்பமாட்டார்களா? மேலும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களும் நம்மிடையே உள்ளனர்.

எனவே அளவு கூடக்கூட நிறமும் ஒரே சீராக வெளுக்கவோ கறுக்கவோ வேண்டும். கருநீலத்தில் தொடங்கி, பச்சை வழியாக, வெளிர்மஞ்சளில் முடியும் வரிசை ஏற்றது. வழக்கமான அளவுக்கு மேல், கீழ் என்று காட்ட, நடுவில் வெண்மையும் இருபுறமும் வெவ்வேறு நிறமும் வைக்கலாம். வயல், ஏரி, ஊர் என்று வகை பிரிப்பதற்கு மட்டுமே தனித்தனி நிறங்கள் பொருந்தும்.

வெப்பப் படத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். அப்போதும் ஏற்ற இறக்கம் முறையாகப் புலப்பட்டால் தேர்வு சரியே.

இனி இத்தகைய படம் ஒன்று கைக்கு வந்தால், ஓரத்திலுள்ள வண்ணக் குறிப்பை முதலில் படியுங்கள். படத்தைப் பிறகு பாருங்கள்.