வெண்டை இலையைச் சுருட்டும் புழு

பண்டமாரான், கிள்ளான் வட்டாரத்திலும் பிற தோட்டப்புறங்களிலும் வீட்டின் பின்புறத்தில் இரண்டு பாத்தி வெண்டை போடும் குடும்பங்கள் பல உண்டு. விதைத்த 45 முதல் 50 நாள்களில் காய்க்கத் தொடங்கும் இச்செடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் தந்து கறிச்செலவைக் குறைக்கிறது. ஆனால், ஒரு நாள் திடீரென அதன் இலைகள் புனல்போலச் சுருண்டு தொங்குவதைக் காண்கிறோம். கண்பட்டுவிட்டது என்று சிலர் வருந்துவர். உண்மையில் இது ஓர் அந்துப்பூச்சியின் புழு செய்யும் வேலையாகும்.

அறிவியலார் இப்பூச்சியை 'ஹரிட்டாலோடெஸ் டெரொகாட்டா' என்று அழைக்கின்றனர். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பருத்தியையும் வெண்டையையும் தாக்கும் பூச்சி இது. செம்பருத்தியும் வெண்டையின் இனத்தைச் சேர்ந்ததே. 1960ஆம் ஆண்டில் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட அச்செடியிலும் இப்புழு வாழும். ஆகவே, செம்பருத்தி வேலி வைத்திருப்போர் அதன் இலைகளையும் கவனிக்க வேண்டும்.

தாய் அந்து வெளிர்மஞ்சள் நிறமுடையது. இறக்கைகளில் பழுப்பு நிறத்தில் நெளிகோடுகள் காணப்படும். அது இரவில் பறந்து வந்து இலையின் அடிப்பக்கத்தில் முட்டையிடும். சில நாள்களில் வெளிவரும் புழுக்கள் முதலில் இலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்னும். சற்று வளர்ந்ததும், வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இலையைச் சுருட்டிக் கட்டி, உள்ளிருந்தவாறே ஓரங்களைத் தின்னத் தொடங்கும். சுருளைப் பிரித்தால் கருந்தலையுடைய பச்சைப் புழுவையும் அதன் கரிய எச்சத்தையும் காணலாம். சுருளுக்குள்ளோ, கீழே கிடக்கும் சருகிலோ அது கூட்டுப்புழுவாகி, மீண்டும் அந்தாகப் பறந்துவிடும்.

இச்சுருளே புழுவின் கோட்டை. மேலாகத் தெளிக்கும் மருந்து பெரும்பாலும் உள்ளே எட்டுவதில்லை. வெளியே தொங்கும் காய்களின்மீதுதான் படிகிறது. மருந்தடித்த மறுநாளே அக்காயைப் பறித்துச் சமைத்தால், புழுவுக்கு வைத்த நஞ்சு நம் பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேரும்.

தோட்டத்தில் களைக்கு அடிக்கும் மருந்தில் மிஞ்சியதை வீட்டிற்குக் கொண்டுவருவது இதனினும் கொடியது. களைக்கொல்லி புழுவை அழிப்பதற்கன்று, செடியைத்தான் கருக்கும். அதனைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால், அறியாமல் குடிக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நஞ்சை மிகுதியாகப் பயன்படுத்துவதால் வேறொரு தீங்கும் உண்டு. சபா மாநிலத்தின் கொக்கோ தோட்டங்களில், 1960ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், கடும் மருந்துகளைத் தொடர்ந்து தெளித்தும் பூச்சிகள் பெருகின. பூச்சியியலார் கோர்டன் கான்வேயின் யோசனைப்படி அத்தெளிப்பு நிறுத்தப்பட்டது. அதன்பின் பல பூச்சிகள் தாமாகவே குறைந்தன. புழுக்களை அழிக்கும் சிறு குளவிகளையும் மருந்து கொன்று வந்ததே முன்னைய பெருக்கத்திற்குக் காரணம்.

நம் வெண்டைப் பாத்திக்கும் இது பொருந்தும். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பியபின், வாரம் இருமுறை செடிகளைச் சுற்றிவரக் கால் மணி நேரம் போதும்.

1. இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்து, இளம் புழுக்கள் கூடியிருக்கும் இலையைக் கிள்ளி அகற்றுக.

2. சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்து, புழு இருந்தால் நசுக்கி அழித்திடுக. அல்லது சவர்க்கார நீரில் போடுக.

3. இறந்த புழுவின் அருகே அரிசிமணி போன்ற வெண்கூடுகள் இருந்தால் அவற்றை விட்டுவிடுக. அவை நமக்கு உதவும் குளவிகளின் கூடுகள்.

4. உதிர்ந்த சருகுகளைக் கூட்டி அப்புறப்படுத்துக. காய்த்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்கிவிடுக.

இவற்றிற்கும் அடங்காவிடில், மாவட்ட விவசாய அலுவலகத்தில் ஆலோசனை கேட்டறிக. 1974ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட மருந்தையே வாங்குக. மருந்தடித்தபின் எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதை அதன் சீட்டில் படித்தறிந்து, அந்நாள் வரை காத்திருக்க வேண்டும்.

மருந்து நுழையாத சுருளுக்குள் நம் விரல் நுழையும். செலவில்லாத அம்முறையை முதலில் கைக்கொண்டால் செடியும் பிழைக்கும். உண்ணும் குடும்பமும் நலமாக இருக்கும்.