லோடு வண்டிக்கு எல்இடி ஹெட்லைட்: மாட்டும் முன் ஒரு சுவரைத் தேடுங்கள்

ராத்திரி ஒரு மணி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உங்கள் பிக்கப் கிளம்புகிறது. ஊர் தாண்டியதும் தெருவிளக்கு இல்லை. ஹெட்லைட்டின் மஞ்சள் வெளிச்சம் கொஞ்ச தூரத்திலேயே மங்கிவிடுகிறது. எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு கார் வந்து போகிறது. 'நாமும் எல்இடி மாட்டிவிட்டால் என்ன?' என்று அந்த நேரத்தில்தான் தோன்றும்.

நியாயமான ஆசை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்தால், நீங்கள் சுதாரித்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடியிருக்கும். அதன்பின் நிற்க இன்னும் ஒரு இருபத்து ஐந்து மீட்டராவது ஆகும். லோடு இருந்தால் அதற்கும் மேல். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருப்பது முன்கூட்டியே தெரியாவிட்டால் ஆபத்துதான்.

ஆனால் பல்பு வாங்கக் கிளம்பும் முன் ஒரு கேள்வி.

இப்போது இருக்கும் விளக்கு ஏன் மங்கலாக இருக்கிறது? வண்டி புதிதாக வந்தபோதும் இப்படித்தான் இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்காது. முன்கண்ணாடி (இப்போது பிளாஸ்டிக்தான்) வெயிலில் பழுத்துப் போயிருக்கும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணம்) மங்கியிருக்கும். ரிஃப்ளெக்டர் கறுத்துப்போன விளக்கில் எந்த பல்பைப் போட்டாலும் பணம் வீண். கண்ணாடி மட்டும் பழுத்திருந்தால் பாலிஷ் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்றாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது: வயர். பழைய வண்டிகளில் பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகச் சுற்றித்தான் பல்புக்குப் போகும். வழியில் துருப்பிடித்த இணைப்பு, லூசான எர்த் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும். ஹாலஜன் பல்பு இதில் ரொம்ப ரோஷக்காரன். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதில்லை, கிட்டத்தட்ட முப்பது சதவீதம் போய்விடும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் இருக்கும். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். பேட்டரியில் ஒரு அளவு, பல்பு ஹோல்டரில் ஒரு அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் 14 வோல்ட், ஹோல்டரில் 12 என்றால் திருடன் வயரில்தான் இருக்கிறான். ரிலே (சுவிட்ச் கொடுக்கும் சின்ன மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் பெட்டி) வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் போட்டால் அதே பழைய பல்பு வேறு பல்பு மாதிரி எரியும். என்னைக் கேட்டால், எல்இடிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் செலவு இதுதான்.

இதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எல்இடிதான் வேண்டும் என்கிறீர்களா? அப்படியென்றால் இப்போது வண்டியில் இருக்கும் பல்பைக் கழற்றிக் கையில் எடுங்கள். விளக்கு ஆறியிருக்க வேண்டும், கண்ணாடியில் விரல் படக்கூடாது. நம்மூர் லோடு வண்டிகளில் பரவலாக இருப்பது எச்-4 என்ற வகை, டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்து ஒரே பல்பு. 60/55 வாட் என்று அதில் எழுதியிருக்கும்: பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55.

கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள். இரண்டு சுருள் இழைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு அரிசியைவிடச் சிறியது. அதில் ஒரு இழைக்கு மட்டும் அடியில் கரண்டி மாதிரி ஒரு குட்டித் தகடு இருக்கும். அதுதான் டிம் இழை. கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அந்தத் தகடு மறைத்துவிடும். மேல்நோக்கிப் போவது மட்டும் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டுச் சாலையை நோக்கி இறங்கும். நீங்கள் டிம் அடிக்கும்போது எதிரே வருபவருக்குக் கண் கூசாமல் இருப்பது இந்தக் கரண்டியின் தயவு.

உங்கள் வண்டியின் ரிஃப்ளெக்டர், அந்த இழை சரியாக அந்த இடத்தில் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் போய் விழும் இடம் மாறிவிடும்.

எல்இடி பல்பில் இழை கிடையாது. மெல்லிய பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டிய மஞ்சள் சில்லுகள்தான். சுருள் இழை தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும். சில்லு தான் பார்க்கும் திசையில்தான் விடும். பட்டை தடிமனாக இருந்தால் சில்லு இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகிப் போகும். வெளிச்சம் கூடியிருக்கும், அது சாலையில் விழாமல் மரக்கிளையிலும் எதிர்வண்டிக்காரர் முகத்திலும் விழும்.

'எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது?' என்று கேட்பீர்கள். மட்டமான எல்இடி மாட்டிய எல்லோரும் சொல்வது இது. வண்டிக்கு முன்னால் முதல் பதினைந்து மீட்டர் பட்டப்பகல் மாதிரி ஆகிவிடுவதால் வரும் மயக்கம் அது. பக்கத்தில் பளீரென்று இருந்தால் உங்கள் கண்மணி சுருங்கிக்கொள்ளும். அப்போது தூரத்து இருட்டு முன்பைவிட இருட்டாகும். மாடு நிற்பதோ தூரத்தில்.

சரி, நல்ல எல்இடியை எப்படி அடையாளம் காண்பது? பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள். '200 வாட்' என்று எழுதிய பல்பை மீட்டரில் போட்டால் இரண்டு ஆம்பியர் மட்டுமே இழுக்கும், அதாவது 25 வாட் பக்கம். லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கும் இப்படித்தான். ஒரு எச்-4 ஹாலஜன் டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 தரும். எல்இடி பெட்டியில் 20,000 என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது வேறு. பழைய பல்பையும் கடைக்கு எடுத்துப்போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். சில்லு இருக்கும் இடம் இழை இருக்கும் இடத்தோடு ஒத்துப்போகிறதா? டிம் சில்லுக்கு அடியில் அந்தக் கரண்டித் தகடு உண்டா? பட்டை மெல்லிசாக இருக்கிறதா? நாலு பக்கமும் சில்லு ஒட்டிய பல்பு வேண்டவே வேண்டாம். மாட்டும்போது சில்லுகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. இதற்காகவே கழுத்தில் திருகி அமைக்கும் வளையம் சில பல்புகளில் இருக்கும். சில்லு திரும்பிய நிலையில் மாட்டிவிட்டு 'பல்பு சரியில்லை' என்று திட்டுபவர்கள் உண்டு.

பின்பக்கம் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹாலஜன் தன் சூட்டை முன்னால் வெளிச்சத்தோடு அனுப்பிவிடும். எல்இடியின் சூடு பின்னால்தான் போகும், அதனால்தான் அதன் முதுகில் அலுமினியத் துடுப்பும் குட்டி ஃபேனும். ஃபேன் இடிக்கிறது என்று ரப்பர் மூடியை அறுத்துவிட்டு மாட்டுவார்கள். அடுத்த மழையிலேயே விளக்குக்குள் தண்ணீர் நிற்கும், ரிஃப்ளெக்டர் பாழ். மூடி முழுசாக உட்காரவில்லை என்றால் அந்த பல்பு உங்கள் வண்டிக்கு ஆகாது.

மாட்டியபின் வண்டியின் எஃப்எம் ரேடியோ கொர்ரென்று இரைய ஆரம்பித்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எல்இடியின் மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி மட்டமானது என்று ரேடியோவே சொல்லிக்கொடுக்கிறது.

நிறம்? ஹாலஜன் சுமார் 3,200 கெல்வின் (நிறத்தின் அளவுகோல், எண் ஏறினால் நீலம் ஏறும்). கடையில் 6,000, 6,500 என்று விற்பதெல்லாம் நீலம் கலந்த வெள்ளை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறும் வண்டி என்றால் இதை வாங்காதீர்கள். பனிமூட்டத்தில் வெளிச்சம் திரும்பி உங்கள் முகத்திலேயே அடிக்கும், நீலம் கூடினால் கூச்சமும் கூடும். 4,300 பக்கம் கிடைத்தால் கண்ணுக்கு இதம்.

இனி அந்தச் சுவர். சமமான தரை, எதிரே வெற்றுச் சுவர், இருட்டும் நேரம். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்காரட்டும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளியையும் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். பிறகு நேராகப் பத்து மீட்டர் பின்னால் எடுத்து டிம் போடுங்கள்.

சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு தெரிய வேண்டும். அந்தக் கோடு சாக்பீஸ் குறிக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் சரி. இடதுபக்கம் மட்டும் கோடு கொஞ்சம் மேலேறும். அது நாம் இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் சாலையோரம் தெரிவதற்காக. வலதுபக்கம் ஏறினால் அது வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கு. ஆன்லைனில் முழு விளக்காக வாங்குபவர்கள் இதில் ஏமாறுவதுண்டு.

முதலில் பழைய பல்போடு பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின் எல்இடியோடு பாருங்கள். கோடு ஒரு அடி ஏறியிருந்தால் விளக்கின் பின்னால் உள்ள திருகாணியால் இறக்கலாம். கோடே இல்லாமல் சுவர் முழுக்க வெளிச்சம் அப்பிக்கிடந்தால் திருகாணி உதவாது. பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இது காலி வண்டியில். லோடு ஏற்றினால்? இங்கேதான் பிக்கப்பும் காரும் வேறாகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் என்று வையுங்கள். பாரத்தில் பின்பக்கம் ஒன்பது சென்டிமீட்டர் அமுங்கினால், மூக்கு மூன்று சதவீதம் தூக்கும். ஒரு சதவீதம் தாழ்ந்திருந்த வெளிச்சம் இப்போது இரண்டு சதவீதம் மேல்நோக்கிப் போகும். விளக்கு தரையிலிருந்து தொண்ணூறு சென்டிமீட்டரில் இருந்தால், ஐம்பது மீட்டர் தள்ளி அந்தக் கோடு ஆறடிக்கு மேல். எதிரே பைக்கில் வருபவரின் கண் அதற்குள் அடக்கம். நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள், அவரோ உங்களை பிரைட் அடிப்பதாக நினைத்துத் திட்டுகிறார்.

டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட திருகு இருக்கிறதா? இருந்தால் இதற்காகத்தான். லோடு ஏற ஏற எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் இறங்கும். வண்டி வாங்கியதிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். திருகு இல்லாத வண்டியில், நீங்கள் வழக்கமாக ஏற்றும் லோடோடு சுவர் முன் நின்று அமைப்பதே புத்தி. எல்இடி மாட்டிய வண்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

போலீஸ் பிடிப்பார்களா? சட்டம் இப்படி: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. கம்பெனியே எல்இடி வைத்து விற்ற வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. ஹாலஜனுக்கென்று ஒப்புதல் பெற்ற விளக்கில் எல்இடி மாட்டினால் அந்த ஒப்புதலுக்கு வெளியே போகிறீர்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இன்னும் துல்லியம். விளக்குக்கு எட்டு மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் அது கூசக்கூடாது. இதை நீங்களே சோதிக்கலாம். டிம் போட்டுவிட்டு எட்டு மீட்டர் நடந்து போய், கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

'ஜெர்மனியிலேயே அனுமதி உண்டு சார்' என்று கடைக்காரர் சொல்லலாம். உண்மைதான், 2020 முதல். ஆனால் குறிப்பிட்ட பல்பு, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல் என்று பட்டியல் போட்டுக் கொடுத்த அனுமதி அது. உங்கள் பிக்கப் அந்தப் பட்டியலில் இல்லை.

பம்பரில் எல்இடி பார் மாட்டுவதையும் கேட்பீர்கள். டிம்மோடு சேர்ந்து எரிகிற மாதிரி வயர் கொடுத்திருந்தால் அது எதிரே வருபவருக்குச் செய்யும் அநியாயம். முன்பக்கம் ஸ்பாட்லைட்டுக்கு விதியிலும் தடை. தோட்டத்துக்குள் லோடு ஏற்ற வெளிச்சம் வேண்டும் என்றால் தனி சுவிட்சோடு பின்பக்கம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டுக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள்.

வண்டி வாரண்டியில் இருந்தால் கம்பெனி வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். நாளைக்கு வயரிங் எரிந்தால் வாரண்டியும் இன்சூரன்ஸும் அந்த ஒட்டைத்தான் முதலில் காட்டும். அப்படியே பிளக் மாற்றி மாட்டுகிற கிட் கேட்டு வாங்குங்கள்.

கழற்றிய ஹாலஜன் பல்புகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், அங்கே ஹெட்லைட்டையும் பார்ப்பார்கள். நடுராத்திரியில் எல்இடி ஃபேன் நின்றுபோனாலும் கைகொடுக்கப் போவது அவைதான். கண்ணாடியில் விரல் பட்டிருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சூட்டில் அந்த இடம் வெடிக்கும். காகிதத்தில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.