அலமாரியில் தங்கிய விருந்தாளி

படக்கதைப் புத்தகம் என்றால் தம்பி தங்கைகளுக்கு என்று ஒதுக்கி வைத்தவள்தான் நானும். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஷான் டான். 1974இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். இவருடைய தந்தை நம் மலேசியாவிலிருந்து அங்குக் குடியேறிய சீனர். தாம் வளர்ந்த பெர்த் புறநகரை மனத்தில் வைத்து இவர் எழுதி வரைந்த 'டேல்ஸ் ஃபிரம் அவுட்டர் சபர்பியா' 2008இல் வெளிவந்தது. நம் தாமான்களைப் போல ஒரே மாதிரி வீடுகள் நிறைந்த இடம்; ஆனால் அங்கு நடப்பவை விசித்திரமானவை.

'எரிக்' கதையையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு மாணவன் ஒருவன் ஒரு குடும்பத்தோடு தங்க வருகிறான். அவனுக்கென்று புதிதாக வண்ணம் பூசிய அறை காத்திருக்க, அவனோ சமையலறை அலமாரிக்குள் படுத்து, அங்கேயே படிக்கிறான். ஊர் சுற்றிக் காட்டினால் தரையில் கிடக்கும் சின்னஞ்சிறு பொருள்களையே உற்றுப் பார்க்கிறான். எழுத்து சொல்வது இவ்வளவுதான். அவன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஓர் உருவம், தலை இலை வடிவம் என்பதெல்லாம் படத்தில் மட்டுமே! கதைசொல்லி அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

சிறுவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் பண்பாடு அப்படி இருக்கும் என்று அந்த வீட்டு அம்மா சமாதானம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாண்டில் என் விடுதி அறைத்தோழி சரவாக்கைச் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவர்கள் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்; ஒரு நாளும் கேட்டதில்லை.

எரிக் திடீரென்று விடைபெற்றுப் போய்விடுகிறான். அலமாரிக்குள் அவன் விட்டுச் சென்றதை இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்தைத் திருப்பிப் படத்தில் பாருங்கள்.