கால் விரிந்த கோழிக்குஞ்சை நடக்க வைக்கலாம்

நம்ம பள்ளிக்கூடத்தில் கோழி வளர்க்காத வீட்டுப் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் இந்த மாதச் சுவர் இதழுக்குக் கோழிக்குஞ்சைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் எல்லாக் குஞ்சையும் பற்றி இல்லை. பொரித்ததும் இரண்டு காலும் ஆளுக்கொரு பக்கமாக விரிந்து, எழுந்து நிற்க முடியாமல், வயிறு தரையில் பட தவளை மாதிரிக் கிடக்குமே, அந்தக் குஞ்சைப் பற்றி.

அப்படி ஒன்று பொரிச்சா நாம் என்ன செய்கிறோம்? "இது தேறாது" என்று சொல்லி உயிரோடு குப்பைமேட்டுப் பக்கம் போட்டுவிடுகிறோம். மிச்ச வேலையைக் காக்கா பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் இதுதான் வழக்கம். ஆனால் அப்படிப் போடுகிற குஞ்சுகளில் பல, ஒரு சின்னப் பிளாஸ்திரித் துண்டும் மூணு நாலு நாள் கவனிப்பும் இருந்தால் மற்ற குஞ்சுகளோடு சேர்ந்து ஓடக்கூடியவை. நாள் தள்ளக் கூடாது என்பது மட்டும்தான் முக்கியம். பொரித்த முதல் நாள், இரண்டாம் நாளிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். அப்போது எலும்பு இளசு, சொன்னபடி கேட்கும். ஒரு வாரம் போய்விட்டால் விரிந்த கால் விரிந்தபடியே இறுகிப்போகும்.

ஏன் கால் விரிகிறது? முட்டைக்குள் குஞ்சு 21 நாள் காலை மடக்கிச் சுருண்டு கிடக்கிறது. வெளியே வந்ததும் முதல் வேலை, தரையை உதைத்து எழுந்து நிற்பது. அப்போது கால் நகத்துக்குப் பிடிப்பு வேண்டும். வழுவழுப்பான இடமாக இருந்தால் எழ எழ கால் வெளிப்பக்கமாக வழுக்கும். பத்துத் தடவை வழுக்கினால் தொடைத் தசை இழுபட்டு, கால் அந்தப் பக்கமே போய்விடுகிறது. அடையில் சூடு கூடிக் குறைந்தாலும், முட்டையிட்ட கோழிக்குச் சத்துக் குறைவாக இருந்தாலும் இப்படி வரலாம். ஆனாலும் வீட்டில் நாம் அதிகம் பார்ப்பது வழுக்கலால் வருவதைத்தான்.

இதில் எங்கள் அப்பத்தா சொன்ன ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் பட்டது. "நாங்க அடை வச்ச காலத்துல இந்தச் சீக்கை இம்புட்டுப் பாத்ததில்ல தாயி" என்றார்கள். அவர்கள் உடைந்த பானையின் அடிப்பாகத்தில் மணலைப் போட்டு, மேலே வைக்கோலைப் பரப்பித்தான் முட்டை வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு இரும்புத்துண்டும், அடுப்புக்கரியும், மிளகாய் வத்தலும் கூடவே போடுவார்கள். இரும்பு இடியைத் தடுக்குதோ இல்லையோ, அந்த மணலும் வைக்கோலும் குஞ்சின் காலைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது பிளாஸ்டிக் டப்பில் பேப்பரை விரித்து அடை வைக்கிறோம். பொரித்ததும் குஞ்சை எடுத்து டைல்ஸ் தரையில் விடுகிறோம். இரண்டுமே வழுக்கும்.

கட்டுப் போடுவதற்கு முன்னால் குஞ்சை நன்றாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஓட்டை விட்டு வந்த ஈரக்குஞ்சு எல்லாமே தள்ளாடும், பின்பக்க மூட்டில் உட்காரும். அது நோய் இல்லை. அரை நாள் விடுங்கள், முடி காய்ந்து பஞ்சு மாதிரி ஆகட்டும். அதற்குப் பிறகும் கால் விரிந்தே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். குஞ்சு வெளியே வரத் தாமதமானால் ஓட்டை நாமே உரிக்கவும் கூடாது. மூக்கால் ஓட்டை உடைத்த பிறகு முழுசாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு உரித்தால் உள்ளே இருக்கிற ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் கசியும்.

இங்கே ஒரு சுவையான செய்தி. கோழியின் காலில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டை நாம் எல்லோரும் முட்டி என்று சொல்கிறோம். அது முட்டியே இல்லையாம், நம்முடைய கணுக்கால் மாதிரியாம்! உண்மையான முட்டி மேலே இறகுக்குள் மறைந்து இருக்கிறது. அப்படிப் பார்த்தால் கோழி எப்போதும் குதிகாலைத் தூக்கி விரலால் நடக்கிறது. அறிவியல் டீச்சர் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் நான் நம்பினேன்.

இந்த மூட்டைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காலின் மூட்டும் ஒரே மாதிரி இருந்து, கையால் மெல்ல உள்பக்கம் கொண்டுவந்தால் கால் வருகிறது, விட்டால் விரிகிறது என்றால் அது வெறும் கால் விரிதல். கட்டுப் போட்டால் சரியாக நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு கால் மட்டும் திருகி, மூட்டு வீங்கி, பின்பக்கம் தட்டையாக இருந்தால் அது வேறே. அங்கே ஓடுகிற தசைநாண் (வீட்டில் நரம்பு என்போம்) தன் பள்ளத்தை விட்டு நழுவியிருக்கும். மாங்கனீசு போன்ற சத்துகள் குறைந்தால் இப்படி வரும். இதற்கு நம் கட்டு உதவாது, உடனே கால்நடை மருந்தகத்துக்குத்தான் கொண்டு போக வேண்டும். கால் நேராக இருந்து விரல் மட்டும் உள்ளே சுருண்டிருந்தால், தாய்க்கோழிக்கு வைட்டமின் பி2 குறைவாக இருந்திருக்கலாம். அதற்கு விரலை நீட்டிவிட்டு, அடியில் பாதம் அளவுக்குக் கெட்டி அட்டையை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினால் செருப்புப் போட்ட மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு நாளில் விரல் நிமிரும். வைட்டமின் சொட்டு மருந்தும் கொடுக்கணும், அளவை மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கட்டுப் போடுவதைச் சொல்கிறேன். பெட்டிக்கடையில் விரல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி கிடைக்கும். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் நடுவில் பஞ்சு வைத்த மெல்லிசான துண்டு வரும். ஒருவர் குஞ்சை உள்ளங்கையில் துணியோடு பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் ஒட்ட வேண்டும். தனியாகச் செய்வது கஷ்டம். நான் சொன்ன அந்தப் பின்மூட்டுக்குக் கீழே, விரலுக்கு மேலே இருக்கிற செதில் பகுதியில்தான் கட்டு வர வேண்டும். ஒரு நுனியை ஒரு காலைச் சுற்றிக் கொண்டுவந்து பிளாஸ்திரியின் மேலேயே ஒட்டணும். அடுத்த நுனியை இன்னொரு காலுக்கு அதே மாதிரி. நடுவில் பஞ்சுப் பகுதி பாலம் மாதிரி நிற்கும். மேலிருந்து பார்த்தால் விலங்கு போட்ட மாதிரி இருக்கும்.

இரண்டு காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதில்தான் எல்லாம் இருக்கு. ஒரு ரூபாய்க் காசு அகலம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். பக்கத்தில் நல்ல குஞ்சு நின்றால் அதன் கால் இடைவெளியைப் பார்த்துச் சரிபண்ணலாம். ரொம்ப நெருக்கிக் கட்டினால் நிற்க முடியாமல் சாயும். ரொம்ப அகலம் விட்டால் கட்டியும் பிரயோசனமில்லை. காலைச் சுற்றுவதும் இறுக்கமாக இருக்கக் கூடாது. பாதம் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ உடனே பிரித்துவிடணும். நூல், ரப்பர் பேண்டு இரண்டும் வேண்டவே வேண்டாம், சதைக்குள் இறங்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

கட்டியதும் குஞ்சு கத்தும், விழும், உருளும். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். கால்மணி நேரம் விரலால் தாங்கி நிற்க வைத்தால் பழகிக்கொள்ளும். மல்லாக்க விழுந்தால் அதனால் தானே திரும்ப முடியாது, அப்படியே கிடந்தால் செத்துப்போகும். அதனால் முதல் நாள் யாராவது பக்கத்தில் இருக்கணும். யாரும் இல்லாத நேரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் துணியை வைத்து, காலை வயிற்றுக்கு அடியில் மடக்கி உட்கார வைத்துவிடலாம். அதுவும் ஒரு சிகிச்சை மாதிரிதான்.

கீழே விரிப்பது சாக்கு அல்லது பழைய துண்டாக இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் வைத்து, ஒரு மூலையில் 40 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிடணும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், குஞ்சுக்குத் தேவையான சூடு தராது. முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். நல்ல குஞ்சு என்றால் சூடு அதிகமானால் தள்ளிப் போய்விடும். கால் விரிந்த குஞ்சால் தள்ளிப் போக முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். நம் கையை அங்கே வைத்துப் பார்த்தால் இதமாக இருக்கணும். குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

தீனிக்கு அவசரம் இல்லை. பொரிக்கும் முன்பே மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால் இரண்டு மூணு நாள் தாங்கும். ஆனால் தண்ணீர் காட்டணும். பாட்டில் மூடியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் தலை மூழ்காது. பிறகு அரிசிக் குருணை, அவித்த முட்டையின் மஞ்சள் கரு உதிர்த்தது எல்லாம் கொடுக்கலாம். கரையான் கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்!

எங்கள் வீட்டில் 11 முட்டை வைத்து, இரண்டு கூமுட்டை போக ஒன்பது பொரித்தது. அதில் இரண்டுக்குக் கால் சரியில்லை. ஒன்றுக்கு இரண்டு காலும் விரிந்திருந்தது. மறுநாள் காலையிலேயே நானும் தம்பியும் கட்டுப் போட்டோம். இரண்டாம் நாள் பிளாஸ்திரியை மாற்றினோம். மூணாம் நாள் சாயாமல் நின்றது. நாலாம் நாள் பிரித்துப் பார்த்தால் காலை அகட்டாமல் இரண்டடி நடந்து, அப்பத்தா சிந்திய குருணையைக் கொத்தியது. "அட, இது பொழச்சுக்கிச்சு" என்று அப்பத்தாதான் முதலில் சொன்னார்கள். இன்னொன்றுக்கு மூட்டு வீக்கம். டாக்டர் தசைநாணைத் தள்ளிப் பொருத்திக் கட்டிவிட்டார், மறுபடி நழுவிவிட்டது. ஆறாம் நாள் செத்துப்போச்சு. ஆனால் அதைக் காக்காவுக்குப் போடவில்லை. கடைசி வரைக்கும் சூட்டில், தண்ணீரோடுதான் இருந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை, ஆனால் அதுதான் முடிந்தது.

தேறிய குஞ்சைத் தாயிடம் விடுவதற்கு ராத்திரிதான் நல்ல நேரம். இருட்டில் இறக்கைக்கு அடியில் மெல்லத் தள்ளிவிட்டால் காலையில் தன் குஞ்சாகவே சேர்த்துக்கொள்ளும். கட்டோடு மட்டும் விடாதீர்கள். மற்ற குஞ்சுகள் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கொத்திக்கொண்டே இருக்கும். கட்டு இருக்கிற நாளில் சாதுவான குஞ்சு ஒன்றைத் துணைக்குப் பெட்டியில் விட்டால் கத்தாது. வெளியே விட்ட முதல் வாரம் பஞ்சாரத்தைப் போட்டு மூடுங்கள். பருந்து முதலில் தூக்குவது மெதுவாக நடக்கிற குஞ்சைத்தான்.

சில வாரம் ஆன குஞ்சு திடீரென்று காலை இழுத்தால், கழுத்துத் திருகி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் அது கழிச்சல் நோயாக இருக்கலாம். அதற்குக் கட்டு இல்லை, ஏழாம் நாள் சொட்டு மருந்து போடுவதுதான் வழி. எந்தக் குஞ்சைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நீளவாக்கில் வெட்டிய பிளாஸ்திரித் துண்டு ஒன்றை இந்தத் தாளின் கீழே ஒட்டி, கால் வரும் இரண்டு இடத்தையும் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். அளவு பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து யாரும் பிய்க்க வேண்டாம்.